கருவில் மது பட்ட குழந்தை: உதவியை எங்கிருந்து தொடங்குவது?

பேச்சு தெளியவில்லை, சொல்லிக் கொடுத்தது மறுநாள் நிற்பதில்லை, ஓரிடத்தில் உட்காருவதில்லை, அடித்தும் பயனில்லை என்று ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் குரலைத் தாழ்த்தி, "வயித்துல இருக்கும்போது அவ கொஞ்சம் குடிச்சா" என்று சேர்க்கும் குடும்பங்கள் உண்டு. சில வீடுகளில் அதைச் சொல்பவர் தாயே. பல வீடுகளில் பேரனை வளர்க்கும் பாட்டி. தத்தெடுத்த பெற்றோருக்கோ அந்த ஒரு வரியும் கிடைப்பதில்லை, ஏனெனில் பெற்றவரின் கர்ப்பகால வரலாறு கோப்பில் பெரும்பாலும் இருப்பதில்லை. இவர்கள் எல்லோரும் அடுத்துக் கேட்பது ஒன்றுதான்: ஜி.எச்.சுக்குப் போவதா, தனியார் மையத்தில் தெரபி கொடுப்பதா, ஊரிலும் வீட்டிலும் கிடைக்கும் உதவியை வைத்துச் சமாளிப்பதா, அல்லது முதலில் தாயின் குடியைக் கவனிப்பதா? தமிழ்நாட்டுச் சூழலில் இந்த நான்கு வழிகளையும் எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

மருத்துவப் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தாய் அருந்தும் மது நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை அடைகிறது. அதைச் சிதைத்து வெளியேற்றும் திறன் கருவின் கல்லீரலுக்கு இன்னும் வந்திருக்காது. கள், சாராயம், பீர், ஒயின் எதுவானாலும் உள்ளே இருப்பது எத்தனால்தான். கர்ப்பத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் நிறுவப்படவில்லை. பிரான்சில் பால் லெமோன் 1968-இலும், அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கென்னத் ஜோன்ஸ், டேவிட் ஸ்மித் ஆகியோர் 1973-இலும் இப்பாதிப்பை விவரித்து எழுதினார்கள். சிறிய கண் திறப்பு, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடையிலுள்ள பள்ளம் மழுங்கியிருத்தல், மெல்லிய மேலுதடு ஆகிய மூன்றும் முகத்தில் தெரியும் அடையாளங்கள். ஆயினும் எஃப்.ஏ.எஸ்.டி. என்று இன்று அழைக்கப்படும் இந்தப் பாதிப்புத் தொகுதியில் வரும் பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்த முகக்குறிகள் இருப்பதில்லை. பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால்தான் "வேணும்னே பண்றான்" என்ற பெயர் விழுகிறது.

கருவிலேயே மதுவால் மூளையில் ஏற்பட்ட மாற்றத்தை நீக்கும் மருந்து கிடையாது. ஆனால் அதன்மேல் பின்னாளில் வந்து சேரும் பள்ளி இடைநிற்றல், காவல் நிலையம், போதைப் பழக்கம் போன்றவற்றைக் குறைக்க முடியும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆன் ஸ்ட்ரைஸ்குத் தலைமையில் நானூறுக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு, இளவயதிலேயே பாதிப்பை அறிந்துகொள்வதும் நிலையான, நல்ல வீட்டுச் சூழலும் இத்தகைய பின்விளைவுகளின் வாய்ப்பை 2 முதல் 4 மடங்கு வரை குறைக்கின்றன என்று காட்டியது. நிலையான வீடு என்ற சொற்களை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். என் கணிப்பில் தேர்வின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

எவற்றை வைத்து எடைபோடுவது

முதலில் குழந்தையின் வயது. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திறந்திருக்கும் வாசல்கள் சில, பள்ளி வயதில் குறுகிவிடுகின்றன. அடுத்து, பகல் முழுக்கக் குழந்தையோடு இருப்பவர் யார், அவரால் பயிற்சியில் உட்கார முடியுமா என்பது. வாரத்தில் ஒரு மணி நேரத் தெரபியைவிட மீதி நேரம் யார் கையில் குழந்தை இருக்கிறது என்பது பெரிது. மூன்றாவது, மது வரலாற்றை அந்த இடத்தில் சொல்ல முடியுமா என்பது. இதை மறைத்துவிட்டால் பரிசோதனை வேறு திசையில் போகும். கூட்டத்தின் நடுவே சொல்ல வைத்தால் தாய் அடுத்த முறை வரமாட்டார். பணத்தைக் கணக்கிடும்போது கட்டணத்தோடு இழக்கும் கூலி நாள்களையும் சேர்க்க வேண்டும். கடைசியாக, கையில் என்ன சான்று கிடைக்கும், இரண்டு ஆண்டு கழித்தும் அந்த உதவி தொடருமா என்பவை.

மாவட்ட இடையீட்டுச் சேவை மையம்

2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும், வளர்ச்சிக் குறைபாட்டைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து உதவும் இந்த மையங்கள் அமைக்கப்பட்டன. அத்திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வந்து குழந்தைகளைப் பார்த்து, தேவைப்பட்டவர்களை இங்கே அனுப்புகிறது. மையத்தில் குழந்தைநல மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், பேச்சு மற்றும் செவித்திறன் பயிற்சியாளர், உளவியலாளர், சிறப்பாசிரியர், சமூகப் பணியாளர் ஆகியோர் இருக்க வேண்டும் என்பது திட்ட விதி. நடைமுறையில் எந்தப் பணியிடம் நிரம்பியிருக்கிறது என்பதை முதல் நாளே விசாரித்துக்கொள்வது நல்லது.

இதன் பெரிய பலம், உடல் முழுவதையும் ஒரே வளாகத்தில் பார்த்துவிட முடிவது. கருவில் மது பட்ட குழந்தைகளுக்குப் பார்வை, செவி, இதயம் ஆகியவற்றிலும் குறைகள் இருக்கக்கூடும். காது சரியாகக் கேட்காத குழந்தையை "சொன்ன பேச்சு கேட்கவில்லை" என்று வீடே கண்டித்துக்கொண்டிருப்பது நடக்காத கதை அல்ல. கட்டணம் இல்லை. மனநல ஓ.பி.யும் அங்கேயே இருப்பதால் தாய்க்கும் ஒரு வாசல் கிடைக்கிறது.

மறைந்திருக்கும் செலவு வேறு விதமானது. காலையில் சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, மதியம்வரை காத்திருக்கும் நாள், கூலி போன நாள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கும், மாற்றுத்திறனாளிக்கும் அவருக்குத் துணையாக வருபவருக்கும் டிக்கெட் இல்லை என்பது ஓர் ஆறுதல். ஆனால் தொலைதூரக் கிராமத்திலிருந்து வருபவருக்கு அந்த வண்டி மட்டும் போதாது. இரைச்சலையும் கூட்டத்தையும் தாங்க முடியாத குழந்தை, மருத்துவரின் முன்னால் போய் உட்காருவதற்குள் களைத்து, அழுது, உருண்டு, தன் இயல்பான முகத்தையே காட்டாமல் போய்விடுவதும் உண்டு.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு ஒரே ஒரு கேள்வியில் இருக்கிறது. "ஏம்மா, புள்ளய வயித்துல வச்சுக்கிட்டுக் குடிச்சியா?" என்று பத்துப் பேர் நிற்கும் அறையில் கேட்கப்பட்ட தாய், பெரும்பாலும் அந்தக் கட்டடத்துக்குள் மறுபடி கால் வைப்பதில்லை, அவரோடு குழந்தையின் சிகிச்சையும் நின்றுபோகிறது. ஆகவே வரலாற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது உத்தமம்: கர்ப்பம் தெரியவந்தது எத்தனையாவது மாதத்தில், அதுவரை வாரத்துக்கு எத்தனை நாள், ஒரு தடவைக்கு ஏறக்குறைய எவ்வளவு, எப்போது நிறுத்தப்பட்டது. தாய்-சேய் நல அட்டையையும் பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டையும் அதோடு சேர்த்துக் கொடுங்கள். பிறப்பு எடையும் தலைச் சுற்றளவும் மருத்துவருக்குப் பயன்படும். மையத்துச் சமூகப் பணியாளரை முதலில் பார்த்து, தனியறையில் பேச வேண்டும் என்று கேட்கலாம்.

தனியார் தெரபி மையம்

நேரம் குறித்துக்கொண்டு போகலாம், மாலையிலும் போகலாம், ஒரே தெரபிஸ்ட் தொடர்ந்து பார்க்க வாய்ப்பு அதிகம். பேச்சு, கையெழுத்து, கைவிரல் பயன்பாடு என்று குறிப்பிட்ட ஒரு தேவை தெளிவாகத் தெரிந்துவிட்ட குழந்தைக்கும், பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் நகரத்து வீட்டுக்கும் இது பொருந்தும். ஊருக்குத் தெரியாது என்ற நிம்மதியும் சிலருக்கு முக்கியம்.

செலவு என்றதும் கட்டணம்தான் நினைவுக்கு வரும். வாரம் மூன்று அமர்வு, மூன்று வகைத் தெரபி, முன்பணம் கட்டினால் சலுகை என்ற பேக்கேஜ், சில மாதங்களில் நகையை அடகுக் கடைக்குக் கொண்டுபோகும். ஆனால் அதைவிடக் கவனிக்க வேண்டியது கதவு. உள்ளே குழந்தையும் தெரபிஸ்ட்டும், வெளியே நாற்காலியில் செல்பேசியோடு அம்மா என்ற ஏற்பாட்டில், அமைதியான அறையில் ஒருவரோடு ஒருவராக இருக்கும்போது குழந்தை கற்றுக்கொண்டது வீட்டு இரைச்சலில் கரைந்துவிடுகிறது. ஓரிடத்தில் கற்றதை வேறிடத்துக்குக் கொண்டுபோவது இந்தக் குழந்தைகளுக்குக் கடினம் என்பதால், கதவுக்கு வெளியே நிற்கும் பெற்றோர் பாதிப் பணத்தை வீணாக்குகிறார் என்றே சொல்வேன்.

இன்னொன்று, இங்கே வரலாறு பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. படிவத்தில் அந்தக் கேள்விக்கு "இல்லை" என்று டிக் போட்டுவிடுகிறார்கள். பிறகு ஆட்டிசம் என்றோ, கவனச்சிதறலும் மிகைத் துறுதுறுப்பும் கொண்ட ஏ.டி.எச்.டி. என்றோ பெயர் எழுதப்படுகிறது. அவை உடன் இருக்கவும் கூடும். இப்பாதிப்புள்ள குழந்தைகளிடம் ஏ.டி.எச்.டி. மிகுதியாகவே காணப்படுகிறது. ஆனால் நட்சத்திரம் ஒட்டுவது, பிடித்ததைப் பறிப்பது என்று காரியத்தையும் விளைவையும் இணைத்துக் கற்பிக்கும் முறை, அந்த இணைப்பையே மனத்தில் நிறுத்திக்கொள்ள முடியாத குழந்தையிடம் பலிப்பதில்லை. முறையின் குறை குழந்தையின் பிடிவாதமாக எழுதப்படுகிறது. சேரும் முன் கேட்க வேண்டியது, ஒவ்வொரு அமர்விலும் நான் உள்ளே இருக்கலாமா என்பது. மறுத்தால் வேறு மையம் பாருங்கள். ஸ்டெம்செல் சிகிச்சை என்று யாராவது தொகை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மூளை வளர்ச்சிக் குறைபாட்டுக்கு அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை அல்ல.

ஊர் சார்ந்த, வீடு சார்ந்த உதவி

"வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லி ஒன்றும் செய்யாமல் இருப்பதை இந்த வழியில் சேர்க்க முடியாது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர்கள் பள்ளிக்கும், கடுமையான குறைபாடு இருந்தால் வீட்டுக்கும் வருகிறார்கள். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் போன்ற அமைப்புகள், பயிற்சி பெற்ற ஊர்ப் பணியாளர்களைக் குழந்தையின் வீட்டுக்கே அனுப்பிப் பெற்றோருக்குக் கற்றுத்தரும் முறையை வளர்த்திருக்கின்றன.

வீட்டைக் கண்ணால் பார்ப்பதுதான் இதன் தனிப் பலம். காலையில் அடுப்படியிலிருந்தே, "எந்திரிச்சுப் பல்ல வெளக்கிட்டு, குளிச்சிட்டு, யூனிஃபாரம் போட்டுக்கிட்டு வா" என்று பாட்டி ஒரே மூச்சில் சொல்வார். குழந்தை பல் விளக்கிய இடத்திலேயே தண்ணீரோடு விளையாடிக்கொண்டிருக்கும். பத்து நிமிடம் கழித்து அடி விழும். வீட்டுக்கு வரும் பணியாளர் இதைப் பார்த்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு வேலை, பக்கத்தில் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முடிந்ததும் அடுத்தது என்று மாற்றுகிறார். தண்ணீர்த் தொட்டிக்கு மேலே சுவரில் பல்துலக்கி, சொம்பு, சட்டை என்று மூன்று படம் வரிசையாக ஒட்டப்படுகிறது. பழைய விதி ஒவ்வொரு நாளும் புதிதுபோலச் சொல்லப்பட வேண்டும் என்பதும், குழந்தை நடக்காததை நடந்ததாகச் சொல்வது பெரும்பாலும் பொய் அன்று, நினைவின் ஓட்டையை அது இட்டு நிரப்புகிறது என்பதும் பாட்டிக்கு அப்போது விளங்கும். எஃப்.ஏ.எஸ்.டி. குழந்தைகளுக்கென்று சியாட்டிலில் உருவான பெற்றோர்ப் பயிற்சி முறையும் ஏறக்குறைய இந்த வழியில்தான் போகிறது. அங்கே பயிற்சி பெறுபவர் குழந்தையை வளர்ப்பவர், பல மாதங்களுக்கு, இரு வாரத்துக்கு ஒருமுறை.

குறைகளும் உண்டு. முழுப் பாரமும் வீட்டுப் பெண் ஒருவரின் தலையில் இறங்குகிறது. பணியாளர் வாசலில் வந்து நின்றால் தெருவுக்கே தெரியும். காது, கண், இதயப் பரிசோதனை இதில் கிடையாது. எனவே இந்த வழியைத் தேர்ந்தவரும் ஒருமுறையாவது மாவட்ட மையத்துக்குப் போய்வர வேண்டும். கூலி வேலைக்காரக் குடும்பம், பேருந்து அரிதான ஊர், பாட்டியோ அத்தையோ வளர்க்கும் குழந்தை என்றால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

தாயின் சிகிச்சையிலிருந்து தொடங்குவது

இந்த நான்காவது வழியை யாரும் வழியாகவே எண்ணுவதில்லை. குழந்தைக்கு என்ன செய்வது என்று கேட்டு வந்தவர்களிடம் தாயைப் பற்றிப் பேசினால், "அவள விடுங்க" என்ற பதில் உடனே வரும். தாய் இன்னும் குடிக்கிறார், குழந்தை அவரோடுதான் இருக்கிறது, அல்லது அடுத்த கர்ப்பத்துக்கு வாய்ப்பிருக்கிறது என்றால், மற்ற மூன்று வழிகளும் நிற்பதற்கு வேண்டிய தரையே இதுதான். மேலே சொன்ன ஆய்வு கேட்கும் நிலையான வீட்டைத் தெரபி மையம் உண்டாக்கித் தராது.

1991-இல் சியாட்டிலில் தொடங்கப்பட்ட ஒரு திட்டம், கர்ப்பத்தில் கடுமையாகக் குடித்த அல்லது போதைப்பொருள் பயன்படுத்திய தாய்மாரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பார்த்துவரும் ஒரே பணியாளரை ஒவ்வொருவருக்கும் கொடுத்தது. மறுபடி குடித்துவிட்டார் என்பதற்காக யாரையும் கைவிடுவதில்லை என்பது அதன் அடிப்படை விதி. வீடு, ரேஷன், குடும்பக் கட்டுப்பாடு, குழந்தையின் தடுப்பூசி என்று அந்தப் பெண்ணின் வாழ்க்கை முழுவதிலும் பணியாளர் உடன் நடப்பார். நம் ஊரில் அதே பெயரில் இல்லாவிட்டாலும், அக்கறையுள்ள ஒரு கிராம சுகாதார செவிலியரோ, மனநல ஓ.பி.யின் சமூகப் பணியாளரோ, பொறுமையுள்ள ஒரு நாத்தனாரோ இதில் ஒரு பகுதியையாவது செய்ய முடியும்.

குடும்பங்கள் பொதுவாகச் செய்யும் மூன்று காரியங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒன்று, வீட்டில் பூட்டி வைத்து ஒரே நாளில் நிறுத்தச் செய்வது. நாள்தோறும் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் 2, 3 நாள்களில் கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மையோடு வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணி என்றால் மருத்துவமனையில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும். இரண்டு, "குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலக்கலாம்" என்று விற்கப்படும் மருந்து. குடியோடு வினைபுரியும் மருந்து அதில் இருந்து, தெரியாமல் குடித்தால் விளைவு விபரீதமாகும். கர்ப்பத்தில் சொல்லவே வேண்டாம். மூன்று, குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு தாயைப் பிறந்த வீட்டுக்கு அனுப்புவது. குழந்தைக்கு உடனடி ஆபத்து இருந்தால் பிரித்து வைப்பது சரி. தண்டனையாகப் பிரிப்பது அவரது குடியைக் கூட்டும், குழந்தைக்கும் வளர்ப்பவர் மாறிக்கொண்டே இருப்பார்.

இதன் செலவு காலம். மீள்வதும் விழுவதுமாக ஆண்டுகள் போகலாம். குடிநோய் மையங்கள் பெரும்பாலும் ஆண்களை நினைத்து அமைந்தவை. பெண்களுக்குத் தனி வார்டு உண்டா, 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி பதிவு பெற்றதா என்று கேட்காமல் சேர்க்காதீர்கள். சென்னையில் 1980 முதல் இயங்கும் டி.டி.கே. மருத்துவமனையும், மருத்துவக் கல்லூரிகளின் மனநலத் துறைகளும் விசாரிக்கத் தகுந்த இடங்கள். முதல் பேச்சுக்கு 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம். கணவரும் குடிப்பவராக இருந்தால் மனைவியை மட்டும் சிகிச்சைக்கு அனுப்பி, மாலையில் டாஸ்மாக் பாட்டிலை வீட்டுக்குள் கொண்டுவருவது எந்தக் கணக்கிலும் சேராது.

வெளியே தெரிந்தால் சட்டச் சிக்கல் வருமோ என்ற அச்சம் பலருக்கும் உண்டு. கர்ப்பத்தில் குடித்ததைக் குற்றமாக்கித் தாயைத் தண்டிக்கும் சட்டம் இந்தியாவில் இல்லை. மேலே சொன்ன மனநலச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு சிகிச்சைத் தகவலை இரகசியமாகக் காக்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் கணவன் மனைவி வழக்கு நடக்கும் வீட்டில் மருத்துவத் தாள் ஆயுதமாகலாம் என்பதால், அதன் பிரதிகளை யார் வைத்திருப்பது என்பதைத் தாயே முடிவு செய்யட்டும்.

சான்றிதழ்: எந்த வழியில் போனாலும் எதிர்ப்படுவது

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது, எஃப்.ஏ.எஸ்.டி. அதில் தனியாக இல்லை. எனவே அறிவுத்திறன் குறைபாடு, கற்றல் குறைபாடு, ஆட்டிசம் போன்ற ஏதேனும் ஒரு தலைப்பின் வழியாகத்தான் அடையாள அட்டை கிடைக்கும். பெரும்பாலான சலுகைகளுக்குக் குறைபாடு 40 விழுக்காடாவது இருக்க வேண்டும். இந்தக் குழந்தைகளில் பலருக்கு ஐ.க்யூ. 70-க்கு மேலேயே இருக்கும், ஆனால் அன்றாட வாழ்க்கையைச் சமாளிக்கும் திறன் அதைவிட மிகக் கீழே இருக்கும். 2018-இல் வெளியான வழிகாட்டு நெறிகளில், அன்றாடத் திறனை அளக்கும் சமூக முதிர்ச்சி அளவுகோலில் 70 முதல் 84 வரை பெற்றவருக்கு 25 விழுக்காடு குறைபாடு, 55 முதல் 69 வரை பெற்றவருக்கு 50 விழுக்காடு என்று வகுக்கப்பட்டது. ஒரு சில மதிப்பெண்ணில் அட்டை கைக்கு வருவதும் போவதும் நடக்கும்.

அந்த அளவுகோல் பெரும்பாலும் வளர்ப்பவரிடம் கேட்டு நிரப்பப்படுவது. "தானா சாப்பிடுவானா, கடைக்குப் போய் மீதிச் சில்லறை வாங்கி வருவானா?" என்று உளவியலாளர் கேட்கும்போது, பிள்ளையை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் "எல்லாம் பண்ணுவான்" என்று சொல்லிவிடுகிறார்கள். யாரும் நினைவூட்டாமல், உதவாமல், நாள்தோறும் செய்வானா என்பதே கேள்வியின் பொருள். அதற்கு உண்மையான பதிலைச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனை வழி இங்கே தெளிவாக முந்துகிறது. தனியார் அறிக்கை துணைக்கு உதவும், அட்டை தராது.

எந்த வீட்டுக்கு எது

ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தை, தாய் குடியை நிறுத்திவிட்டார் என்றால் மாவட்ட மையம் முதலில், அதன்பின் வீடு சார்ந்த பயிற்சி. தாய் இன்னும் குடிக்கிறார் என்றால் அவரது சிகிச்சையும் குழந்தையின் பரிசோதனையும் ஒரே வளாகத்தில் ஒரே நாளில் நடக்குமாறு கேட்டுப் பெறுங்கள். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்ற நிலை வந்தால், குழந்தையின் செவி, பார்வை, இதயப் பரிசோதனைகளை மட்டும் முடித்துக்கொண்டு தாயின் பக்கம் திரும்புங்கள். வசதியும் நேரமும் உள்ள வீட்டில், தேவை இன்னதென்று தெளிவான பிறகு தனியார் மையம் நல்ல துணை. தொடக்கப் புள்ளியாக அதைத் தேர்வதை நான் பரிந்துரைப்பதில்லை. தத்தெடுத்த குழந்தையின் வரலாறு தெரியாவிட்டால், தெரியாது என்றே மருத்துவரிடம் சொல்லலாம்; மதுவுக்கு வாய்ப்பிருக்கலாம் என்ற ஐயத்தையும் மறைக்காமல் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பள்ளியில் எவ்வளவு சொல்வது என்பது இவை எல்லாவற்றுக்கும் பிறகு வரும் கேள்வி. வகுப்பாசிரியருக்குக் காரணம் தேவையில்லை. கர்ப்பகாலத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல், இரைச்சலில் கவனம் சிதறும், ஒரு நேரத்தில் ஒரு கட்டளை போதும், முன்வரிசையில் சுவரோரம் உட்கார வையுங்கள், இடைவேளையில் யாராவது ஒரு கண் வைத்திருக்க வேண்டும் என்று அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் போதும். ஒவ்வொரு ஜூன் மாதமும் ஆசிரியர் மாறும்போது அதைப் புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்.